தேய்ந்த ஓட்ட ஷூவை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் காலையில் ஓடுகிறவர்கள் பெருகப் பெருக, வீட்டு வாசலில் சேரும் பழைய ஷூக்களும் பெருகிவருகின்றன. ஓடவும் ஆகாது, தூக்கிப்போடவும் மனம் வராது. எங்கள் ஓட்டக் குழுவில் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. நம் கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்று பிறர் கையில் ஒரு பொருளைத் திணிப்பது தானம் ஆகாது. பல பதில்களில் அது தெரியும்.

ஷூ தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்துணியைப் பார்க்காதீர்கள். ஓட்ட ஷூவின் உயிர் நடுவில் இருக்கும் நுரையில்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் அதை மிட்சோல் என்பார்கள். ஷூவை மேசைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருந்தால் நுரை ஒருபுறம் அமுங்கிவிட்டது என்று பொருள். பக்கவாட்டில் நெருக்கமாகக் கிடைமட்டச் சுருக்கங்கள் விழுந்திருந்தாலும் அதே கதைதான். அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் தேய்ந்து, வெள்ளை நுரை எட்டிப்பார்த்தால் மேலும் யோசிக்க ஒன்றுமில்லை.

உடலும் சொல்லும். பயிற்சியில் எந்த மாற்றமும் இல்லாமல், முன்பு வராத வலி கெண்டைக்காலிலோ முழங்காலிலோ பாதத்தின் அடியிலோ வரத் தொடங்கினால், மருத்துவரைப் பார்ப்பதோடு ஷூவையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஒரு ஷூ 500 கிலோமீட்டர் உழைக்கும் என்கிறார்கள், 800 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் தோராயம். உங்கள் எடை, கால் பதியும் விதம், ஓடும் தரை, நுரையின் வகை எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. வாரம் 30 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மாதம் வரை வரும்.

நுரை என்பது நுண்ணிய காற்றறைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அடியிலும் அவை அமுங்கி எழுகின்றன. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு அறைகளின் சுவர்கள் மடிந்தும் கிழிந்தும் போகின்றன. 1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இயந்திரத்தின் மூலம் ஷூக்களை ‘ஓட’ வைத்து அளந்தார்கள். சுமார் 80 கிலோமீட்டரிலேயே அதிர்ச்சி தாங்கும் திறன் முக்கால் பங்காகக் குறைந்திருந்தது. 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் அது 60 விழுக்காட்டுக்கும் கீழே போனது. மனிதர்கள் அணிந்து ஓடியபோது இழப்பு சற்றுக் குறைவாகவே இருந்தது. இன்றைய நுரைகள் அன்றையவற்றைவிட மேம்பட்டவை. ஆனாலும், தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை என்பதும், முதல் வாரத்திலேயே அது தொடங்கிவிடுகிறது என்பதும் மாறவில்லை. பந்தயத்துக்கென்றே வரும் மிக இலேசான ஷூக்கள் இதைவிடச் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறது. போலி ஷூவை விற்றுவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. சில ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். கடலோர ஊரின் புழுக்கத்துக்கு இது மிகவும் பிடித்த வேலை. பல ஆண்டுகள் பரணில் தூங்கிய ஷூ, வெளியே எடுத்து அணிந்த அன்றே பிளந்துபோவது இதனால்தான். ஒட்டுப்பசையும் காலப்போக்கில் காய்ந்து விட்டுப்போகும்.

இதில் நடைமுறைச் செய்தி ஒன்று இருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் உடனே கொடுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மூன்று மழைக்காலம் வைத்திருந்தால், நல்ல நிலையில் இருந்த ஷூவை நீங்களே குப்பையாக்கிவிடுகிறீர்கள்.

செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யலாமா?

சோல் வாய்பிளந்தாலோ, மேல்துணி ஓரத்தில் கிழிந்தாலோ, நாடா கோக்கும் துளை பிய்ந்தாலோ தாராளமாகக் கொடுக்கலாம். தெருமுனையில் அமர்ந்திருப்பவர் பசை வைத்து ஒட்டி, சுற்றிலும் ஒரு தையல் போட்டுத் தருவார். அவர் கேட்கும் கூலி, அந்த வேலைக்குப் பெரும்பாலும் குறைவானதே. பேரம் பேசாதீர்கள்.

ஆனால் அமுங்கிப்போன நுரையை அவரால் மீட்க முடியாது. வேறு எவராலும் முடியாது. புது இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் மெத்தை, வாங்கிப் போட்டால் கால் வைத்ததும் மெத்தென்று இருக்கும். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் நுரை ஓய்ந்ததாகவே இருக்கும். ஆகவே தைத்த ஷூவை நடக்கவும் கடைக்குப் போகவும் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு வேண்டாம்.

ஓட ஆகாத ஷூவை யாருக்காவது கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நடப்பது ஓடுவதைப் போன்றதல்ல. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது அது எடையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். எனவே உங்களுக்கு ஓட்டத்தில் ஓய்ந்த ஷூ, இன்னொருவருக்கு நடையில் பல மாதம் உழைக்கும்.

ஆனால் யாருக்கு, எந்த நிலையில் என்பதுதான் கேள்வி. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி இரவெல்லாம் நின்றும் நடந்தும் வேலை பார்க்கிறார். அவருக்கு நுரை வைத்த ஷூ உண்மையிலேயே உதவும். கட்டட வேலை செய்பவருக்கு அது போதாது. ஆணியும் செங்கல்லும் விழும் இடத்தில் வலுவான முகப்புள்ள பாதுகாப்பு ஷூதான் வேண்டும். அதை வாங்கித்தர வேண்டியது அவரை வேலைக்கு வைத்தவர். துப்புரவுப் பணியாளர் ஈரத்தில் நிற்கிறார். வலைத்துணி ஷூ தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நாளெல்லாம் கால் விரலிடுக்கை நனைத்து வைத்திருக்கும், சேற்றுப்புண் வரும். நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் தீங்குதான்.

கொடுக்கும் விதமும் முக்கியம். ‘அண்ணே, உங்களுக்கு எத்தனை அளவு? ஒரு ஷூ இருக்கிறது, நடக்க நன்றாக இருக்கும். பார்த்துவிட்டுச் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். வாசலில் வைத்துவிட்டு ‘எடுத்துக்கோ’ என்று சொல்லிப்போவது முறையல்ல. அரை அளவு சிறிய ஷூவைத் தயக்கத்தில் வாங்கிக்கொண்டு, விரலில் கொப்புளத்தோடு வேலை பார்ப்பவர்கள் உண்டு.

எனக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. என் தம்பி ஊரிலிருந்து வந்து இதை அணிந்துகொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால் நான் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் பிறருக்கும் கொடுக்கலாம்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நன்றாக ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்பலாமா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கேட்பவரின் உள்ளம் நல்லது. ஆனால் நமக்கே ஓட ஆகாது என்று ஒதுக்கிய ஷூவை, தினமும் இருவேளை பயிற்சி செய்யும் 14 வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? வளரும் எலும்பு அது. ஓய்ந்த நுரையும், வேறொருவரின் கால் சாய்வுக்கு ஏற்பத் தேய்ந்த அடிப்பாகமும் அந்தக் காலுக்கு ஆகாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு விலையில்லாக் காலணி வழங்குகிறது. ஓடும் பிள்ளைகளுக்கு இல்லாதது பயிற்சிக்கு ஏற்ற ஷூ. அதைக் கொடுக்க விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. அளவு தவறி வாங்கியதாலோ பொருந்தாததாலோ 50, 100 கிலோமீட்டரோடு நிறுத்திவிட்ட ஷூவைக் கொடுங்கள். அது ஏறக்குறையப் புதியதே. அல்லது நான்கு பேர் சேர்ந்து, அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் அளவு கேட்டு, நடுத்தர விலையில் புதிதாகவே ஒன்றை வாங்கிக்கொடுங்கள். எங்கள் குழுவில் இரண்டாவது வழியையே வலியுறுத்துகிறோம்.

வாங்கிக்கொள்ளும் அமைப்புகள் எவை?

மும்பையில் ஓட்டக்காரர்களே தொடங்கிய கிரீன்சோல், பழைய ஷூக்களின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்துப் புதிய செருப்புகளாக்கி, காலணி இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. நம் கேள்விக்கு நேரடியான பதில் இது. மேல்துணி கிழிந்திருந்தாலும் சோல் உருப்படியாக இருந்தால் பயன்படும். அனுப்பும் செலவையும், இப்போது எந்த நிலையில் உள்ளவற்றை ஏற்கிறார்கள் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகக் கூரியர் அனுப்புவதைவிட, குடியிருப்பிலோ அலுவலகத்திலோ ஒரு பெட்டி நிறையச் சேர்த்து அனுப்புவது நல்லது.

1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பும் அணியக்கூடிய நிலையில் இருக்கும் காலணிகளை ஏற்கிறது. இந்த அமைப்பைச் சொல்லும்போது தமிழ்நாட்டின் ஒரு பழைய வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் லாரி லாரியாக வந்து இறங்கின. கிழிந்தவை, அழுக்கானவை, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடைகள் எல்லாம் சாலையோரங்களில் குவிந்து மக்கின. அவற்றைத் திரட்டிப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையைப் பின்னர் கூஞ்ச் எடுத்துச் செய்தது. உயிர் பிழைத்தவர்களின் வாசலில் நம் குப்பையைக் கொட்டிய நிகழ்வு அது. ஷூ கொடுக்கும்போதும் அதை மறக்கக் கூடாது.

கொடுப்பதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது?

நாடாவையும் இன்சோலையும் கழற்றுங்கள். காய்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். சலவை இயந்திரம் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். சூட்டில் பசை இளகும், நுரை சுருங்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் விடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைப்பது ஷூவைக் கெடுக்கும்.

பழைய இன்சோலை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுங்கள். வியர்வையும் பூஞ்சையும் அதில்தான் தங்கும். கடைசியாக இரண்டு ஷூக்களையும் நாடாவால் சேர்த்துக் கட்டுங்கள். சேகரிக்கும் இடங்களில் ஜோடி பிரிந்துவிட்டால் இரண்டுமே வீண்.

மறுசுழற்சி செய்ய முடியாதா?

முடியும், ஆனால் எளிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஓட்ட ஷூவைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதில் 65 பாகங்களும் அவற்றைச் செய்து இணைக்க 360க்கும் மேற்பட்ட படிகளும் இருந்தன. பாலியஸ்டர் வலைத்துணி, எத்திலீன் வினைல் அசிட்டேட் நுரை, ரப்பர், பிளாஸ்டிக் குதிகால் தாங்கி, எல்லாவற்றையும் பிணைக்கும் பசை. சேர்க்க இத்தனை உழைப்பு என்றால், பிரிக்கக் கூலி கொடுத்து யார் முன்வருவார்கள்?

அதனால் பெரும்பாலும் பிரிப்பதற்குப் பதிலாக அரைக்கிறார்கள். நைக்கி நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்து பழைய ஷூக்களைச் சேகரித்து அரைத்து, ரப்பர், நுரை, நார் எனப் பிரித்து, ஓடுதளங்களுக்கும் கூடைப்பந்துத் தளங்களுக்கும் உடற்பயிற்சிக் கூடத் தரைகளுக்கும் பயன்படுத்துகிறது. பழைய ஷூ மீண்டும் ஷூவாவதில்லை, தரையாகிறது. 2019இல் அடிடாஸ், முழுக்க ஒரே வகைப் பிளாஸ்டிக்கால், பசையே இல்லாமல் ஒரு ஷூவைச் செய்துகாட்டியது. சுவிட்சர்லாந்தின் ஆன் நிறுவனம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக்கைப் பெருமளவில் கொண்டு, சந்தா கட்டி அணிந்து, தேய்ந்ததும் திருப்பித் தரவேண்டிய ஷூவை அறிவித்தது. செய்யும்போதே பிரிப்பதை யோசித்தால்தான் வழி பிறக்கும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

நம் ஊரில் வாங்கிய கடையில் பழைய ஷூவை ஏற்கிறார்களா என்று தவறாமல் கேளுங்கள். இல்லை என்றாலும் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் சேகரிப்புப் பெட்டி வைப்பார்கள்.

பெட்டியில் போட்டுவிட்டால் அது மறுசுழற்சிக்குத்தான் போகிறதா?

சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அரசின் விளையாட்டு அமைப்பும் டவ் என்ற வேதிப்பொருள் நிறுவனமும் சேர்ந்து, பழைய ஷூக்களைச் சேகரித்து விளையாட்டுத் திடல்களும் ஓடுதளங்களும் அமைப்பதாக ஒரு திட்டத்தை நடத்தின. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடி ஷூக்களின் அடியில் இடங்காட்டும் கருவிகளைப் புதைத்துப் பெட்டிகளில் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் வெளியான அந்தச் செய்தியின்படி, அவற்றில் ஒன்றுகூட ஓடுதளமாகவில்லை. 10 ஜோடிகள் ஓர் ஏற்றுமதியாளர் வழியாக இந்தோனேசியாவுக்குப் போயிருந்தன. பழைய ஆடை, காலணி இறக்குமதிக்கு இந்தோனேசியாவில் தடை இருக்கிறது. செய்தி வந்தபின் அந்த ஏற்றுமதியாளர் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பெட்டிகளையும் சந்தேகிக்க வேண்டாம். மறுபடி அணியப்பட்டதில் தவறில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ‘அரைக்கப்படும்’ என்று நம்பிப் போட்டவர்களிடம் உண்மை மறைக்கப்பட்டது. எனவே சேகரிப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எங்கே போகிறது? அணியத் தக்கவை யாரிடம் போகின்றன? அணியத் தகாதவற்றை என்ன செய்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்பவர்களை நம்பலாம்.

பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாமா?

வாங்க மாட்டார்கள். ஒரே பொருளாலான பிளாஸ்டிக் செருப்புக்கு மதிப்பு உண்டு, துணியும் நுரையும் ரப்பரும் ஒட்டிய ஷூவுக்குக் கிடையாது.

போகியன்று எரித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். போகியில் எரிந்தது ஒருகாலத்தில் பழைய பாயும் துடைப்பமும் ஓலையும். ஷூ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள். செயற்கைத் தோல் பட்டைகளில் பிவிசி இருந்தால் எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளிவரும். ரப்பர் கரும்புகையாக எரியும். 2018 போகியன்று சென்னையில் புகை மூட்டத்தால் விமானங்களே தரையிறங்க முடியாமல் தடுமாறின. அந்தப் புகையில் மறுநாள் பொங்கல் வைப்பவர்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். ஓடுகிறவர்களாகிய நமக்கு நுரையீரலின் அருமை தெரிந்திருக்க வேண்டும்.

எதற்கும் ஆகாத ஷூவைக் குப்பையில் போடலாமா?

போடலாம், அதில் குற்ற உணர்வு வேண்டாம். உண்மையிலேயே செத்த ஷூவை நாணயமாகக் குப்பையில் போடுவது, யாரோ ஒருவர் தலையில் கட்டுவதைவிட மேலானது. உலர்ந்த நிலையில், மக்காத குப்பையோடு தனியாகக் கொடுங்கள். ஈரக்குப்பையோடு கலந்தால் உரமாகும் பகுதியும் கெடும். தரம் பிரிக்கப்படும் இடங்களில், மறுசுழற்சிக்கு ஆகாத எரியும் கழிவு சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. சிமென்ட் சூளையின் வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தெருவோர நெருப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. காலிமனையிலும் கால்வாயிலும் மட்டும் எறியாதீர்கள்.

வீட்டிலேயே வேறு பயன் உண்டா?

முதலில் நாடா. தக்காளிச் செடியையும் பாகற்கொடியையும் கம்போடு கட்ட அதைவிட நல்ல கயிறு இல்லை. நுரையை வெட்டி நாற்காலிக் காலடியில் ஒட்டினால் தரையில் கீறல் விழாது. வண்டி கழுவவும் தோட்ட வேலைக்கும் மழைக்காலத்துக்கும் ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜோடி போதும், ஐந்து வேண்டாம்.

ஷூவில் செடி வளர்ப்பதைப் படங்களில் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். அடியில் துளையிடாமல் செய்யாதீர்கள். மாடியில் கிடக்கும் ஷூவுக்குள் தேங்கும் ஒரு குவளை மழைநீர், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதும். வெளியே வைத்த ஷூவை அணிவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளும் பூரானும் அங்கே குடியேற விரும்பும்.

கட்டுகிற வீட்டிலும் லாரிக்குப் பின்னாலும் திருஷ்டிக்காகப் பழைய செருப்பு தொங்கவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு ஒற்றைச் செருப்பு போதும். மற்றொன்றுக்குத்தான் வழி தேட வேண்டும்.

ஷூவை அதிக நாள் உழைக்கவைக்க என்ன செய்யலாம்?

அந்த எம்ஐடி ஆய்வின்படி ஒரு ஜோடி ஓட்ட ஷூவால் வெளியாகும் கரியமில வாயு சுமார் 14 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொழிற்சாலையில் தயாரிக்கும்போதே வெளியாகிறது. எனவே குறைவாக வாங்குவதே எந்த மறுசுழற்சியைவிடவும் பெரிய உதவி.

ஓட்ட ஷூவை ஓடுவதற்கு மட்டும் அணியுங்கள். அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் அதையே போட்டுப்போனால் கிலோமீட்டர்கள் கணக்கில் வராமலே கரைந்துவிடும். நாடாவை அவிழ்த்துக் கழற்றுங்கள். மற்றொரு காலால் மிதித்துக் கழற்றினால் குதிகால் தாங்கி உடைந்துபோகும். ஓடி முடித்ததும் வெயிலில் நிற்கும் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். முதல் நாள் ஓடிய தேதியை ஷூவின் நாக்குப்பகுதியின் உட்புறத்தில் பேனாவால் எழுதிவைத்தால், எப்போது ஓய்வு கொடுப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவதும் நல்லது. வியர்வை காய நேரம் கிடைக்கிறது. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களைக் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஷூ வந்த பெட்டியையும் உள்ளே இருக்கும் சிறு பொட்டலத்தையும் என்ன செய்வது?

பெட்டியும் உள்ளே சுற்றிவரும் தாளும் பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும், அவற்றை வாங்கிக்கொள்வார்கள். பொட்டலத்தில் இருப்பது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள். கருவிப்பெட்டியிலோ கேமரா பையிலோ போட்டுவைத்தால் துருவும் பூஞ்சையும் அண்டாது. சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கலாம், எட்டாத உயரத்தில் வையுங்கள்.